ஆஸ்துமா மருந்தைச் சுண்டெலியில் சோதிப்பது எப்படி: முதல் ஊசியிலிருந்து கடைசி ஸ்லைடு வரை

சுண்டெலிக்குத் தானாக ஆஸ்துமா வருவதில்லை. நாம்தான் வரவழைக்கிறோம். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் ஓவால்புமின் என்ற புரதத்தை ஊசியில் ஏற்றி, சில வாரம் கழித்து அதையே பனிமூட்டமாக மாற்றிச் சுவாசிக்க விட்டால் போதும். மூச்சுக்குழலைச் சுற்றி இயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் குவியும், சளி சுரக்கும் செல்கள் பெருகும், குழலும் சின்னத் தூண்டுதலுக்கே சுருங்கத் தொடங்கும். புதிய மருந்து ஒன்று ஒவ்வாமை அழற்சியைத் தணிக்குமா என்று பார்க்க உலகெங்கும் அதிகம் பயன்படும் மாடல் இதுதான். பார்மகாலஜி எம்.பார்ம், பிஎச்.டி. மாணவர்களையும் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாடலில் இயோசினோஃபிலைக் குறைப்பது பெரிய காரியமில்லை. எலியை நோகடித்தாலே குறையும். எனவே குறைந்ததா இல்லையா என்பதோடு நிறுத்தக் கூடாது. எப்போது கொடுத்த மருந்தால், எந்த வழியாகக் குறைந்தது என்பதற்குப் பதில் சொல்லும்படி சோதனையை அமைக்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: மருந்து எந்தக் கட்டத்தில் வேலை செய்ய வேண்டும்?

மாடலில் இரண்டு கட்டங்கள் உண்டு. உடலுக்கு ஒவ்வாமையைப் பழக்கும் கட்டம் ஒன்று, லேபில் சென்சிடைசேஷன் என்பார்கள். பழகிய உடலை அதே புரதத்தால் சீண்டும் கட்டம் இன்னொன்று, அது சாலஞ்ச். மருந்தை எந்த இடத்தில் நுழைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் கேட்கும் கேள்வியே மாறிவிடும்.

முதல் ஊசி போடும் நாளிலிருந்தே மருந்து கொடுத்தால், ஒவ்வாமை உருவாவதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறீர்கள். சீண்டலுக்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் கொடுத்தால், ஏற்கெனவே ஒவ்வாமை உள்ள உடலில் புதிய அழற்சி கிளம்புவதைத் தடுக்கிறதா என்று பார்க்கிறீர்கள். பல வாரம் சீண்டி அழற்சி நன்றாக ஊன்றிய பிறகு, சீண்டலை நிறுத்தாமலே மருந்தைத் தொடங்கினால்தான் இருக்கிற நோயைத் தணிக்கிறதா என்று தெரியும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் இழுப்போடுதான் வருகிறார். ஆனாலும் பல ஆய்வுகள் முதல் வகையைச் செய்துவிட்டு மூன்றாம் வகை முடிவை எழுதுகின்றன. அதில் எனக்கு உடன்பாடில்லை. வசதி குறைவென்றால் குறைந்தபட்சம் இரண்டாம் வகையையாவது செய்யுங்கள்.

மருந்து தாக்கும் இலக்கையும் இப்போதே யோசிக்க வேண்டும். ஆலம் (நோயெதிர்ப்பைத் தூண்டச் சேர்க்கும் அலுமினிய உப்பு) சேர்த்து ஏற்றும் ஓவால்புமின் மாடலில், ஒவ்வாமைப் பொருள்களைக் கொட்டும் மாஸ்ட் செல் இல்லாத எலிக்கும் அழற்சி கிட்டத்தட்ட முழு அளவில் வரும். அப்படியானால் மாஸ்ட் செல்லை அடக்கும் மருந்தை இங்கே சோதித்து என்ன பயன்? தவிர, சுண்டெலியின் மாஸ்ட் செல் பெரும்பாலும் செரடோனினை வைத்து வேலை பார்க்கிறது. ஹிஸ்டமினுக்கு மனிதக் குழல்போலச் சுருங்குவது கினிப்பன்றியின் குழல்தான். ஆன்டிஹிஸ்டமின் வகை மருந்துக்கு அதைத் தேர்ந்தெடுங்கள். இயோசினோஃபில், ஐ.எல்-5, ஐ.எல்-13 (இன்டர்லியூகின், அதாவது நோயெதிர்ப்பு செல்கள் அனுப்பும் செய்திப் புரதங்கள்) பாதையைத் தொடும் மருந்துக்குச் சுண்டெலி நல்ல தேர்வு. மனிதப் புரதத்துக்காகச் செய்த ஆன்டிபாடி எலிப் புரதத்தில் ஒட்டாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அப்போது எலிக்கென்று தனியாக மாற்று ஆன்டிபாடி வேண்டும்.

மாடல் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. மாஸ்ட் செல்லை அடக்கும் குரோமோகிளைகேட் மருந்தைக் கண்டெடுத்த ராஜர் ஆல்டுன்யன் தானே ஆஸ்துமாக்காரர். கினிப்பன்றிச் செதில் சாற்றை முகர்ந்து தனக்கே இழுப்பை வரவழைத்துக்கொண்டு, ஒவ்வொரு சேர்மமாகத் தன்மீதே சோதித்தார். இன்றைக்கு எந்த நெறிக்குழுவும் அதை அனுமதிக்காது.

படி 2: அனுமதி

இந்தியாவில் விலங்கின்மீது கை வைப்பதற்கு முன் அனுமதி வாங்கியாக வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியக் குழுவில் (முன்பு சி.பி.சி.எஸ்.இ.ஏ., இப்போது சி.சி.எஸ்.இ.ஏ.) உங்கள் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் திட்டத்தைப் படிவம் பி-யில் எழுதி, நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழுவிடம் கொடுக்க வேண்டும். எலி போன்ற சிறு விலங்குக்கு அந்தக் குழுவின் ஒப்புதலே போதும். பெரிய விலங்கு என்றால் கோப்பு மத்தியக் குழுவுக்குப் போகும்.

படிவத்தில் குழு உற்றுப் பார்ப்பது மூன்று இடங்களை. எத்தனை எலி, ஏன் அத்தனை? வலியைக் குறைக்க என்ன ஏற்பாடு? எந்த நிலை வந்தால் எலியைச் சோதனையிலிருந்து எடுத்து வலியில்லாமல் முடித்துவிடுவீர்கள்? கடைசிக் கேள்விக்கு "தேவைப்பட்டால்" என்று மழுப்பாதீர்கள். உடல் எடை 20 சதவீதம் குறைந்தால், அல்லது ஓய்வில் இருக்கும்போதே வாய் திறந்து மூச்சு வாங்கினால் என்று அளவோடு எழுதுங்கள்.

செல் வளர்ப்பிலேயே பதில் கிடைக்கும் கேள்வியை எலியிடம் கொண்டுபோகாதீர்கள். இந்திய விதிகள் 2023 திருத்தத்திலும், அமெரிக்கச் சட்டம் 2022 டிசம்பரிலும் புதிய மருந்துக்கு விலங்கில்லாத சோதனை முறைகளை ஏற்கும் வழியைத் திறந்துவிட்டன. நெறிக்குழுவில் இந்தக் கேள்வி வரும். பதிலோடு போங்கள்.

படி 3: எந்த எலி, எத்தனை, எந்தக் குழு

பால்ப்-சி இனப் பெண் சுண்டெலி, 6 முதல் 8 வார வயது. இந்த இனம் ஒவ்வாமைப் பக்கம் சாயும் நோயெதிர்ப்பைக் கொண்டது. சி57 கருப்பு எலியில் இயோசினோஃபில் வரும், ஆனால் குழல் சுருக்கம் அவ்வளவு தூக்கலாக இருக்காது. ஜீன் நீக்கிய எலிகள் பெரும்பாலும் கருப்பு இனத்தில்தான் கிடைக்கும் என்பதால் சில ஆய்வுகளுக்கு வேறு வழியில்லை. ஆணைவிடப் பெண்ணில் அழற்சி வலுவாக வரும். எதை எடுத்தாலும் இரண்டையும் ஒரே குழுவில் கணக்கில்லாமல் கலக்காதீர்கள். பதிவு பெற்ற வளர்ப்பகத்திலிருந்து வந்த எலிகளை ஒரு வாரமாவது சும்மா விடுங்கள். பயணம் செய்த எலி படபடப்பில் இருக்கும்.

குழுக்கள் குறைந்தது ஆறு:

- ஆலம் மட்டும் ஏற்றி, சலைனால் சீண்டியவை
- ஓவால்புமின் ஏற்றிச் சீண்டி, மருந்து கரைக்கும் திரவம் மட்டும் பெற்றவை
- ஓவால்புமினோடு மருந்து, குறைந்த அளவு
- ஓவால்புமினோடு மருந்து, நடு அளவு
- ஓவால்புமினோடு மருந்து, அதிக அளவு
- ஓவால்புமினோடு டெக்சாமெத்தசோன், கிலோவுக்கு 1 மி.கி.

முடிந்தால் ஏழாவதாக, நோயில்லாத எலிக்கு அதிக அளவு மருந்து மட்டும் கொடுக்கும் குழுவைச் சேருங்கள். அதன் பயன் பின்னால் தெரியும். டெக்சாமெத்தசோன் அழற்சியைத் தணிக்கும் என்று ஏற்கெனவே தெரிந்த ஸ்டீராய்டு. அந்தக் குழு வெறும் அலங்காரமில்லை. அதில் இயோசினோஃபில் தெளிவாகக் குறையவில்லை என்றால் அந்தச் சுற்றில் வேறு எந்தக் குழுவின் முடிவையும் நம்ப முடியாது.

குழுவுக்கு எத்தனை? "எல்லாரும் 6 போடுகிறார்கள்" என்பது காரணமாகாது. எதிர்பார்க்கும் வித்தியாசம் குழுவுக்குள் உள்ள திட்ட விலக்கத்தைப்போல ஒன்றரை மடங்கு என்றால், 80 சதவீத பவருக்கு (உண்மையான வித்தியாசத்தைத் தவறவிடாமல் பிடிக்கும் வாய்ப்பு) குழுவுக்கு 8 அல்லது 9 எலி வேண்டும். வித்தியாசம் ஒரு மடங்குதான் என்றால் 17 ஆகிவிடும். முன்னோட்டச் சோதனை ஒன்றில் உங்கள் லேபின் சிதறலைத் தெரிந்துகொண்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

எந்த எலி எந்தக் குழு என்பதைக் கணினி கொடுக்கும் தற்செயல் எண்ணால் முடிவு செய்ய வேண்டும். கூண்டிலிருந்து கைக்கு வந்த வரிசையில் பிரித்தால், சுலபமாகப் பிடிபடும் மந்தமான எலிகள் முதல் குழுவில் சேர்ந்துவிடும். ஒரே கூண்டில் ஒரே குழுவை அடைக்காமல் கலந்து வைத்தால் கூண்டு விளைவும் குறையும். வாயில் கொடுத்த மருந்து எலிப் புழுக்கையின் வழியாகப் பக்கத்து எலிக்குப் போக வாய்ப்பிருந்தால் மட்டும் இதை யோசித்துச் செய்யுங்கள்.

படி 4: மருந்துக் கரைசல்

20 கிராம் எலிக்கு வாய்வழியாக 0.2 மி.லி. வசதியான அளவு. கிலோவுக்கு 30 மி.கி. கொடுக்க வேண்டுமென்றால் எலிக்கு 0.6 மி.கி., அதாவது கரைசல் மி.லி.க்கு 3 மி.கி. கரையாத மருந்தை 0.5 சதவீத கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸில் தொங்கவிடலாம். டி.எம்.எஸ்.ஓ.வைக் கூடியவரை தவிருங்கள், அதற்கே அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு.

மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை முன்கூட்டியே இரண்டு மூன்று எலியில் இரத்த அளவு, நுரையீரல் அளவு பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அரைவாழ்வு ஒரு மணி நேரம் உள்ள மருந்தைத் தினம் ஒருவேளை கொடுத்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதுவது மருந்துக்குச் செய்யும் அநியாயம்.

மூலிகைச் சாற்றைச் சோதிக்கிறவர்களுக்குக் கூடுதல் வேலை இருக்கிறது. ஆடாதொடையை எடுத்துக்கொண்டால், அதன் முக்கிய வேதிப்பொருளான வாசிசின் எவ்வளவு என்று எச்.பி.எல்.சி. கருவியில் அளந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பறித்த இலையில் அதே முடிவு வராது. சளி இளக்கும் புரோம்ஹெக்சின் இந்த வாசிசினின் வழித்தோன்றல்தான், ஆகவே இந்தச் செடிமீது ஆசைப்படுவதில் தப்பில்லை. சாற்றில் எண்டோடாக்சின் (பாக்டீரியச் சுவரிலிருந்து வரும் நச்சு) இருக்கிறதா என்றும் பாருங்கள். ஊசியாகவோ மூக்கு வழியாகவோ கொடுப்பதாக இருந்தால் இது கட்டாயம்.

இன்னொன்று: மருந்தை வயிற்றுக்குழியில் ஊசியாகப் போட நினைத்தால், ஓவால்புமினும் ஆலமும் அதே வயிற்றுக்குழிக்குத்தான் போகின்றன என்பதை மறக்காதீர்கள். ஏற்றும் கட்டத்தில் மருந்து அந்த இடத்திலேயே குறுக்கிட்டு, நுரையீரலுக்குப் போகாமலே முடிவை மாற்றிவிடலாம்.

படி 5: ஒவ்வாமையை ஏற்றுதல் (நாள் 0, நாள் 14)

எலிக்கு 20 மைக்ரோகிராம் ஓவால்புமின், 2 மி.கி. அலுமினியம் ஹைட்ராக்சைடு, மொத்தம் 0.2 மி.லி., வயிற்றுக்குழிக்குள். இரண்டையும் சேர்த்து அரை மணி நேரம் மெதுவாகச் சுழற்றுங்கள். புரதம் ஆலத்தில் படிய அந்த நேரம் வேண்டும்.

இந்தக் கலவை வெள்ளையாகக் கலங்கி நிற்கும், விட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் அடியில் படியும். ஒரு சிரிஞ்சில் 1 மி.லி. இழுத்து ஐந்து எலிக்கு வரிசையாகப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கடைசி எலிக்கு வருவதற்குள் ஆலம் சிரிஞ்சின் அடிப்பக்கம் இறங்கியிருக்கும். முதல் எலிக்கு ஒரு அளவு, ஐந்தாவதுக்கு ஒரு அளவு. ஒவ்வொரு ஊசிக்கும் முன்பு சிரிஞ்சைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பின்னால் குழுவுக்குள் சிதறல் அதிகம் என்று கணினியில் தலையைப் பிய்த்துக்கொள்வதைவிட இது சுலபம்.

ஓவால்புமினின் தரம் அடுத்த கண்ணி. கடையில் கிடைக்கும் சாதாரண வகையில் எண்டோடாக்சின் கணிசமாக இருக்கும். அது குறைந்த அளவில் ஒவ்வாமையைத் தூண்டும், அதிக அளவில் அதற்கு எதிர்த்திசையில் தள்ளும். ஆகவே முழுச் சோதனைக்கும் ஒரே லாட் எண் கொண்ட குப்பியை வாங்குங்கள், அந்த எண்ணைத் தீசிஸில் எழுதுங்கள்.

படி 6: சீண்டல் (நாள் 28, 29, 30)

சலைனில் 1 சதவீத ஓவால்புமின், நெபுலைசர் மூலம் மூடிய பெட்டிக்குள் 30 நிமிடம். குழந்தைகளுக்கு வீட்டில் வைக்கிறோமே, அதே ஜெட் நெபுலைசர் போதும். 1 முதல் 5 மைக்ரான் துளி வர வேண்டும். புரதக் கரைசல் நுரை கட்டும். நுரை ஏறினால் வெளியேறும் அளவு குறைந்துபோகும். பாதியில் நிறுத்திக் கிண்ணத்தைத் தட்டிவிட்டுத் தொடருங்கள். சுண்டெலி மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. ஆகவே பெரும் பங்கு மூக்கிலேயே தங்கிவிடும். மயக்கத்தில் மூக்கில் சொட்டு விடும் முறையில் அளவு துல்லியமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு எலியையும் ஐசோஃப்ளூரேனில் மயக்க வேண்டும்.

டெக்சாமெத்தசோனும் உங்கள் மருந்தும் ஒவ்வொரு சீண்டலுக்கும் ஒரு மணி நேரம் முன்பு. திரவக் குழுவுக்கும் அதே நேரத்தில், அதே கேவேஜ் ஊசியால் வெறும் திரவம். வாயில் ஊசி விடுவதே எலிக்கு அழுத்தம்தான், அது எல்லாக் குழுவுக்கும் சமமாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வகைச் சோதனை என்றால் சீண்டலை வாரம் மூன்று நாள் வீதம் பல வாரம் நீட்டி, நடுவில் மருந்தைத் தொடங்குங்கள். இங்கே ஒரு சிக்கல்: ஓவால்புமினைத் தொடர்ந்து முகர்ந்தால் எலிக்குப் பழகிப்போய் அழற்சி தானாக அடங்கத் தொடங்கும். நீண்ட சோதனைக்கு வீட்டுத்தூசிப் பூச்சிச் சாறுதான் சரி. மூக்கில் 25 மைக்ரோகிராம், வாரம் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம். ஆலம் தேவையில்லை. மனிதருக்கு ஒவ்வாமை வரும் வழியும் அதுதான். விலைதான் கையைக் கடிக்கும்.

முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், என்-95. எலிச் சிறுநீரில் உள்ள புரதம் லேபில் வேலை செய்கிறவர்களுக்கு ஆஸ்துமாவைக் கொடுக்கிறது, ஓவால்புமின் மூட்டமும் நல்லதல்ல. ஆஸ்துமா மருந்து தேடப் போய் இன்ஹேலரோடு வீடு திரும்பியவர்கள் உண்டு.

படி 7: குழல் எவ்வளவு சுருங்குகிறது?

கடைசிச் சீண்டலுக்கு 24 மணி நேரம் கழித்து, குழலைச் சுருக்கும் மெதகோலின் மூட்டத்தைப் படிப்படியாக ஏற்றிக் குழலின் தடையை அளக்க வேண்டும். மி.லி.க்கு 0, 3.125, 6.25, 12.5, 25, 50 மி.கி. என்று இரட்டித்துக்கொண்டே போவது வழக்கம்.

இரண்டு வழி. எலியைப் பெட்டிக்குள் விட்டு, அதன் மூச்சினால் பெட்டியின் அழுத்தம் மாறுவதை வைத்து பென்ஹ் என்ற எண்ணைக் கணக்கிடுவது ஒன்று. எலிக்குத் தொந்தரவில்லை, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த எண் மூச்சின் வேகத்தையும் வடிவத்தையும் காட்டுகிறதே தவிர, குழலின் தடையை நேராகக் காட்டுவதில்லை. மயக்கி, மூச்சுக்குழலில் குழாய் பொருத்தி, ஃப்ளெக்சிவென்ட் போன்ற கருவியில் அளப்பது மற்றது. அளவீடு நேரானது, ஆனால் கருவியும் பழகிய கையும் வேண்டும், எலியும் திரும்ப எழாது. பென்ஹ் மட்டுமே கையில் இருந்தால் "குழல் தடை குறைந்தது" என்று எழுதாமல் "பென்ஹ் குறைந்தது" என்று எழுதுங்கள்.

கூடுமானால் இதற்குத் தனி எலிகள். முடியாவிட்டால் எல்லா எலிக்கும் ஒரே வரிசையில் மெதகோலின் கொடுத்துவிட்டு, பிறகு மற்றதற்கு எடுங்கள்.

படி 8: நுரையீரலைக் கழுவி எடுத்தல்

கடைசிச் சீண்டலுக்கு 24 முதல் 48 மணி நேரத்துக்குள். இயோசினோஃபில் முக்கியம் என்றால் 48 மணிவரை போகலாம். ஐ.எல்-4, ஐ.எல்-5 முன்பே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும், அவை வேண்டுமென்றால் 24 மணிக்கு எடுங்கள். எல்லாக் குழுவும் அதே மணிக்கணக்கில் முடிய வேண்டும். காலையில் திரவக் குழு முழுவதும், மாலையில் மருந்துக் குழு முழுவதும் என்று அறுத்தால் அங்கேயே சோதனை கெட்டது. குழுவுக்கு ஒன்று என்று சுற்றிச் சுற்றி எடுங்கள்.

மயக்க மருந்தை அதிக அளவில் கொடுத்து முடியுங்கள். கழுத்தைத் திருகும் முறை வேண்டாம். அதில் மூச்சுக்குழல் கிழிந்து இரத்தம் உள்ளே போகும், பிறகு நீங்கள் எண்ணுவது நுரையீரல் செல்லையா இரத்த செல்லையா என்று தெரியாது. இதயத்திலிருந்து இரத்தம் எடுத்துச் சீரத்துக்கு வையுங்கள். கழுத்தின் நடுவில் தோலை வெட்டி, தசையை விலக்கினால் மூச்சுக்குழல் வெள்ளை வளையங்களோடு தெரியும். அடியில் பட்டு நூல் ஒன்றைச் செலுத்தி, மேலே சின்ன வெட்டுப் போட்டு, 22 கேஜ் ஐ.வி. கேனுலாவை நுழைத்து நூலால் கட்டுங்கள். ரொம்ப ஆழமாகப் போனால் ஒரு பக்க நுரையீரலுக்குள் போய்விடும்.

நெஞ்சைத் திறந்து, இடப்பக்கக் கிளைக்குழலை நூலால் கட்டிவிடுங்கள். சுண்டெலியின் இடது நுரையீரல் ஒரே மடல், வலதுபக்கம் நான்கு. வலதை மட்டும் கழுவி, இடதைக் கழுவாமல் திசு ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாம். கழுவிய நுரையீரலில் செல்கள் நகர்ந்திருக்கும், திசு ஸ்லைடு நம்பிக்கைக்குரியதாக இருக்காது.

ஐஸில் வைத்த பி.பி.எஸ். (பாஸ்பேட் உப்புக் கரைசல்) 0.5 மி.லி. மெதுவாக உள்ளே, மெதுவாக வெளியே. வேகமாக இழுத்தால் குழல் ஒட்டிக்கொண்டு திரவம் வராது. முதல் கழுவலைத் தனிக் குழாயில் பிடியுங்கள். ஐ.எல்-5 போன்ற சைட்டோகைன் அதில்தான் அடர்த்தியாக இருக்கும், மேல் திரவத்தை மைனஸ் 80 டிகிரியில் போடுங்கள். இரண்டாவது, மூன்றாவது கழுவல்கள் செல் எண்ணிக்கைக்கு மட்டும். உள்ளே விட்டதில் 80 சதவீதமாவது திரும்பி வர வேண்டும். திரும்பிய அளவை ஒவ்வொரு எலிக்கும் நோட்டில் குறியுங்கள். குறைவாக வந்த எலியில் செல்லும் குறைவாகத்தான் இருக்கும், மருந்து அதற்குக் காரணமில்லை.

400 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, அடியில் தங்கிய செல்களைக் கலக்கி, சிவப்பணு இருந்தால் உடைத்து, மொத்த எண்ணிக்கையை ஹீமோசைட்டோமீட்டரில் எடுங்கள். பிறகு சைட்டோஸ்பின் ஸ்லைடு (செல்களைச் சுற்றிக் கண்ணாடியில் படியவைப்பது), லீஷ்மன் அல்லது டிஃப்-குயிக் சாயம்.

ஸ்லைடை எண்ணுகிறவருக்கு எலி எந்தக் குழு என்று தெரியக் கூடாது. வேறொருவர் லேபிளை மறைத்துக் குறியீடு ஒட்ட வேண்டும். ஒரு ஸ்லைடில் குறைந்தது 300 செல். எலி இயோசினோஃபிலின் உட்கரு, வளையல்போல நடுவில் ஓட்டையோடு முறுக்கி இருக்கும். நியூட்ரோஃபிலின் உட்கருவும் எலியில் வளையமாகத்தான் இருக்கும், புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். வித்தியாசம் சைட்டோபிளாசத்தில்: இயோசினோஃபிலில் செம்மஞ்சள் துகள்கள், நியூட்ரோஃபிலில் வெளிறிய நிறம். சாயம் கம்மியாக ஏறிய ஸ்லைடில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அதை மறுபடியும் சாயமேற்றுங்கள். ஃப்ளோ சைட்டோமெட்ரி இருந்தால் செல் மேற்பரப்பு அடையாளப் புரதங்களில் சிக்லெக்-எஃப் உள்ள, சிடி11சி குறைந்த செல்களை இயோசினோஃபில் என்று எடுக்கலாம். நுரையீரல் மேக்ரோஃபேஜிலும் சிக்லெக்-எஃப் உண்டு, அதில் சிடி11சி அதிகம்.

நோயில்லாத எலியில் ஏறத்தாழ எல்லாம் மேக்ரோஃபேஜ், இயோசினோஃபில் தேடினாலும் கிடைக்காது. சீண்டிய எலியில் பாதிக்கு மேல்கூட இயோசினோஃபிலாக இருக்கலாம். சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள், மொத்த எண்ணிக்கையோடு பெருக்கி எழுதுங்கள்.

படி 9: திசு, சீரம்

இடப்பக்கக் கட்டை அவிழ்த்துவிட்டு, இடது நுரையீரலைக் கேனுலா வழியாக 10 சதவீத ஃபார்மலினால், 25 செ.மீ. உயர நீர் அழுத்தத்தில் ஊதி நிரப்புங்கள். சும்மா ஃபார்மலினில் போட்டால் காற்றறைகள் சப்பிப்போய், எல்லா எலியும் நோயாளிபோலத் தெரியும். எச் அண்ட் ஈ சாயத்தில் குழலைச் சுற்றிய செல் குவியலை 0 முதல் 4 வரை மதிப்பிடலாம். பி.ஏ.எஸ். சாயத்தில் சளி செல்கள் மஜந்தா நிறத்தில் எடுப்பாகத் தெரியும். இங்கேயும் குழு மறைவு கட்டாயம்.

சீரத்தில் ஓவால்புமினுக்கு எதிரான ஐ.ஜி.இ. (ஒவ்வாமை ஆன்டிபாடி) பாருங்கள். இது உங்கள் சோதனையின் உளவாளி. சீண்டல் நேரத்தில் மட்டும் கொடுத்த மருந்து ஐ.ஜி.இ.யைப் பெரிதாக மாற்றக் கூடாது, ஏனென்றால் அது முன்பே உருவாகிவிட்டது. கணிசமாக மாறியிருந்தால் சோதனையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

படி 10: கணக்கு

குழுக்களை ஒன்றாக ஒப்பிட அனோவா, பிறகு ஒவ்வொரு மருந்துக் குழுவையும் திரவக் குழுவோடு ஒப்பிட டனெட் சோதனை. செல் எண்ணிக்கை ஒருபக்கமாக இழுத்திருக்கும், லாக் எடுத்துச் செய்யுங்கள். மெதகோலின் வளைவுக்கு ஒரே எலியின் தொடர் அளவு என்பதைக் கணக்கில் கொள்ளும் முறை வேண்டும். ஒரு எலியின் ஐந்து ஸ்லைடுப் பார்வையை ஐந்து மாதிரி என்று எண்ணாதீர்கள். எலி ஒன்று, மாதிரியும் ஒன்று. எந்த எலியையாவது விலக்கியிருந்தால் எதை, ஏன் என்று எழுதுங்கள். விலங்கு ஆய்வை எழுதுவதற்கான அராய்வ் வழிகாட்டியும் அதைத்தான் கேட்கிறது.

படி 11: இது உண்மையான வெற்றியா?

ஆரம்பத்தில் சொன்னதற்கு வருகிறேன். நச்சுத்தன்மை உள்ள மருந்தைக் கொடுத்தால் எலி சாப்பிடாது, மெலியும், அதன் அட்ரினல் சுரப்பி கார்ட்டிகோஸ்டிரோனைக் கொட்டும். கார்ட்டிகோஸ்டிரோன் என்பது எலியின் சொந்த ஸ்டீராய்டு. டெக்சாமெத்தசோன் செய்யும் வேலையை அதுவும் செய்யும், இயோசினோஃபில் குறையும். ஆய்வேட்டில் "மருந்து அழற்சியைத் தணித்தது" என்று வரும். உண்மையில் எலி நோய்ப்பட்டதுதான் நடந்தது.

இதைப் பிடிக்கச் செலவே இல்லாத வழிகள் உண்டு. இரண்டு நாளுக்கொருமுறை எடை. கடைசி நாளில் தைமஸ், மண்ணீரல் எடை: அழுத்தத்திலும் ஸ்டீராய்டிலும் தைமஸ் சுருங்கும். சீரத்தில் கல்லீரல் என்சைம். நான் ஏழாவது குழுவைக் கேட்டது இதற்குத்தான். நோயில்லாத எலியிலேயே அதிக அளவு மருந்து தைமஸைச் சுருக்கினால், அந்த அளவில் கிடைத்த இயோசினோஃபில் முடிவை ஓரமாக வையுங்கள். குறைந்த அளவிலும் விளைவு இருக்கிறதா, எடை குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் கையில் மிஞ்சும் முடிவு.

இயோசினோஃபில் குறைந்தும் குழல் சுருக்கம் மாறவில்லை என்றால் மனம் தளர வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். ஐ.எல்-5ஐ அடக்கும் மெப்போலிசுமாப் கதை அப்படித்தான். 2000இல் வந்த சிறு மனித ஆய்வில் இயோசினோஃபில் சரிந்தது, குழலின் நடத்தை மாறவில்லை. பலர் கைவிட்டார்கள். இயோசினோஃபில் அதிகமுள்ள கடும் ஆஸ்துமாக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, இழுப்பு எத்தனை முறை முற்றுகிறது என்று பார்த்த ஆய்வுகள் 2009இல் வந்தபோது பலன் தெரிந்தது. 2015இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. சரியான நோயாளியிடம் சரியான அளவீட்டைக் கேட்டபோதுதான் மருந்து பேசியது.

நேர்மாறான கதையும் உண்டு. 1998இல் எலி ஆய்வுகள் ஐ.எல்-13ஐ முக்கியக் குற்றவாளியாகக் காட்டின. அதை மட்டும் பிடித்த லெப்ரிகிசுமாப், ட்ராலோகினுமாப் இரண்டும் ஆஸ்துமாவுக்கான பெரிய மனித ஆய்வுகளில் தேறவில்லை. ஐ.எல்-4, ஐ.எல்-13 இரண்டுக்கும் பொதுவான ஏற்பியை அடைக்கும் டுப்பிலுமாப் 2018இல் ஆஸ்துமாவுக்கு அனுமதி பெற்றது. எலி சொன்ன பாதை சரி, ஆனால் எந்த இடத்தில் அடைப்பது என்பதை அது சொல்லவில்லை.

படி 12: எழுதுவதற்கு முன்பு

ஓவால்புமினில் பலன் கிடைத்தால், வீட்டுத்தூசிப் பூச்சி மாடலில் ஒருமுறை, அழற்சி ஊன்றிய பிறகு மருந்தைத் தொடங்கிப் பாருங்கள். ஸ்டீராய்டுக்கு மசியாத ஆஸ்துமாவுக்கு மருந்து என்று சொல்ல நினைத்தால், நியூட்ரோஃபில் மிகுந்த, டெக்சாமெத்தசோன் தோற்கும் மாடலில் காட்டியாக வேண்டும். இந்த மாடலில் டெக்சாமெத்தசோனே நன்றாக வேலை செய்கிறது, ஆகவே இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது.

கடைசியாக அளவை மனிதருக்கு மாற்றிப் பாருங்கள். உடல் பரப்பு அடிப்படையில் எலி அளவை 12.3ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்கு 30 மி.கி. கொடுத்த மருந்து, 60 கிலோ மனிதருக்கு சுமார் 146 மி.கி. ஆகிறது, ஒரு மாத்திரைக்குள் அடங்கும். அதே கணக்கில், கிலோவுக்கு 500 மி.கி.யில் மட்டுமே பலன் காட்டிய இலைச்சாறு ஏறக்குறைய 2.4 கிராம் ஆகும். 500 மி.கி. காப்ஸ்யூலாகப் போட்டால் ஒரு நாளைக்கு ஐந்து. இந்த எண்ணை ஆய்வேட்டின் விவாதப் பகுதியில் நீங்களே எழுதிவிடுங்கள், வைவாவில் தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான்.